வீட்டுக்கு ஒரு கை

“இது உன் கையெழுத்தா, இல்லையா? அத மட்டும் சொல்லு.”

“என்னோடதுதான். கீழ பேரும் அச்சடிச்சிருக்கே. கண்ணாடியப் போட்டுப் படி.”

“இந்தப் பள்ளத்தாக்கே பாக்க மொத ஆளா கை தூக்கினவன் நான், ரோனா. மொத ஆளா!”

“தூக்கின, பாத்தேன். அது உன் கை. என் கை எங்கிட்டத்தான இருந்துச்சு.”

“என்னடி பேச்சு இது? வீட்டுக்கு ஒரு கைன்னா ஒரு கைதான்!”

ட்ரூ கின்னியர் போட்ட சத்தத்தில் அடுப்பின் மேல் இருந்த கெட்டில்கூடக் கொஞ்சம் அடங்கிப்போன மாதிரி இருந்தது. நான் பின்வாசலில் தபால் பையோடு நின்றிருந்தேன். கடிதங்களைச் சன்னல் திட்டில் வைத்துவிட்டு நகர்வதுதான் முறை. தூறல் கொஞ்சம் விடட்டுமே என்று நின்றேன். எங்கள் பக்கம் ஏப்ரல் தூறல் விடுவதற்கு ஜூன் ஆகிவிடும், அது வேறு விஷயம்.

“உள்ள வந்து கேளு, இஸா. அங்க நின்னா உனக்குப் பாதிதான் காதுல விழும்” என்றாள் ரோனா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கூப்பிட்ட பிறகு போகாமல் இருப்பது மரியாதை இல்லை. போய் உட்கார்ந்தேன். மேசைமேல் கிடந்த கடிதம் முந்தின நாள் நானே கொண்டுவந்து போட்டதுதான். உறையில் திருமதி ரோனா கின்னியர் என்று தெளிவாக இருந்தது. பிரித்தவன் ட்ரூ. அந்த வீட்டில் யார் பெயருக்கு வந்தாலும் அவன்தான் பிரிப்பான். இந்த ஒன்றை மட்டும் பிரிக்காமல் விட்டிருந்தால் இன்னும் ஒரு வாரம் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பான். ரோனாவின் சொந்த நிலமான கருஞ்சேற்றில், அவளுடைய சம்மதத்தின்பேரில், திங்கட்கிழமை ஒரு ஜோடி பீவர்கள் விடப்பட்டன, மிக்க நன்றி, சம்மதப் பத்திரத்தின் நகல் இத்துடன் உள்ளது. அவ்வளவுதான் கடிதம்.

ட்ரூவின் கொதிப்பு புரிய வேண்டுமானால் பிப்ரவரியில் ஊர்க் கூடத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வனவிலங்கு அமைப்பு ஒன்றிலிருந்து கெத்தின் என்ற வேல்ஸ்காரன் வந்து திரையில் படம் காட்டினான். நாய் பெரிதுக்கு ஒரு எலி, துடுப்பைத் தைத்துவிட்டது போல வால், கேரட்டைக் கடித்தது போல ஆரஞ்சு நிறத்தில் பல். அதுதான் பீவர். மரத்தைக் கடித்துச் சாய்க்கும், ஓடையில் அணை கட்டும், தேங்கிய தண்ணீரில் குடியிருக்கும். நானூறு வருஷத்துக்கு முன்னால் ஸ்காட்லாந்தில் இருந்ததையெல்லாம் தோலுக்காகக் கொன்று தீர்த்துவிட்டோம், இப்போது திரும்பக் கொண்டுவருகிறோம், வெள்ளம் தணியும், மீன் பெருகும் என்றான்.

கூட்டத்தில் ஸ்டரக் எழுந்தார். கின்னியர் பண்ணைக்கு ஓடையின் எதிர்க்கரை அவருடையது. “தம்பி, நானூறு வருஷமா அது இல்லாமத்தான நாங்க உருளக்கெழங்கு போடுறோம்? ஒரு கெழங்காவது வந்து ‘எங்க என் பீவரு’ன்னு கேட்டுச்சா?”

கூடம் சிரித்து முடிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

“கெழங்கு கேக்காதுங்க. இந்த ஓடைத் தண்ணி போய்ச் சேர்ற பெர்த் ஊருல, வீட்டுக்குள்ள வெள்ளம் வந்தவங்க கேக்குறாங்க” என்றான் கெத்தின்.

“அப்ப பெர்த்லயே கொண்டுபோய் விடு. பூங்காவுல குட்டை சும்மாதான் கெடக்கு!”

பிறகு கை எண்ணினார்கள். எங்கள் கூடத்தில் வீட்டுக்கு ஒரு கை. அந்தக் கை ஆம்பளையின் கை. பெண்கள் தேநீர் ஊற்றுவார்கள். நான் தனியாக இருப்பவள். என் குடிசை ஸ்டரக்கின் பண்ணையைச் சேர்ந்தது என்பதால் என்னையும் அவர் கையிலேயே சேர்த்துவிடுவார்கள். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் யாராவது எதிர்த்திருப்பார்கள். இருபத்துமூன்று வீடு, இருபத்துமூன்று கை. ஓடைக்கரையில் நிலம் உள்ள ஒருவரும் சம்மதிக்க மாட்டோம் என்று கைகுலுக்கி முடித்தார்கள். அந்த நேரம் ரோனாவின் இரண்டு கையிலும் தட்டு இருந்தது. அவளுக்கும் நிலம் இருக்கிறது என்ற நினைப்பு அங்கே ஒருத்தருக்கும் வரவில்லை. எனக்கும் வரவில்லை, ஊரில் எல்லாவற்றையும் நினைத்து வைத்திருப்பவள் நான்.

கின்னியர் பண்ணை முழுக்க எஸ்டேட்டுக்குச் சொந்தம், ட்ரூ குத்தகைக்காரன். அடிவயலுக்கும் ஓடைக்கும் நடுவில் கிடக்கும் ஆறு ஏக்கர் மட்டும் ரோனாவின் அப்பா அவள் பெயருக்கு எழுதிவைத்தது. எங்கள் பள்ளத்தாக்கு மண் முழுக்கச் செங்கல் சிவப்பு. அந்த ஆறு ஏக்கர் மட்டும் கரியைக் கரைத்து ஊற்றியது போலிருக்கும். கோரையைத் தவிர எதுவும் விளையாது. ரோனா அங்கேதான் போய் சிகரெட் பிடிப்பாள். அவள் சிகரெட் பிடிப்பது ட்ரூவுக்கே தெரியாது.

போன அக்டோபரில் அக்காவுக்கு ஆபரேஷன் என்று ரோனா அபர்டீனுக்குப் போய் இரண்டு வாரம் இருந்தாள். அந்த இரண்டு வாரத்தில் ட்ரூ இயந்திரம் வைத்துக் கருஞ்சேற்றைக் கிழித்து, வடிகால் குழாய் புதைத்து, தண்ணீரை ஓடைக்கு இறக்கிவிட்டான். கிழங்கு வயலை நீட்டுவதற்காக. “வந்து பாத்தா சந்தோஷப்படுவா பாரு” என்று என்னிடம் சொன்னான். மனதாரத்தான் சொன்னான், அதுதான் விசேஷம். ரோனா வந்தாள், வேலியோரம் நின்று பார்த்தாள், வீட்டுக்குள் போய்க் கிழங்கை வேகப் போட்டாள். குளிர்காலம் முழுக்க அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“பாத்தியா இஸா, ஒண்ணுமே சொல்லல. புடிச்சிருக்குன்னுதான அர்த்தம்?” என்று கேட்டான். நானும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மே மாதத்துக்குள் பீவர்கள் வேலையை முடித்துவிட்டன. ரோனாவின் கரையில் ஒரு முனை, ஸ்டரக்கின் கரையில் மறுமுனை என்று ஓடைக்குக் குறுக்கே மார்பளவு அணை. குழாய் வாய் ஒவ்வொன்றையும் தேடித்தேடிச் சேற்றால் அடைத்தன. மூன்று வருஷம் முன்பு கரை அரிக்காமல் இருக்க ட்ரூவே ஓடையோரம் முந்நூறு வில்லோ மரக் கொம்புகளை நட்டு வைத்திருந்தான். பீவருக்கு வில்லோ என்றால் நமக்குக் கல்யாணச் சாப்பாடு மாதிரி. விருந்துக்கு இலை போட்டு வைத்தவனே இவன்தான் என்று ஊரில் சொல்லிச் சிரித்தார்கள். சொல்லிவிட்டது யார் என்று கேட்காதீர்கள்.

ஜூலையில் சிரிப்பு நின்றது. தண்ணீர் கருஞ்சேற்றைத் தாண்டி அடிவயலுக்கு ஏறியது. ட்ரூ போடுவது விதைக்கிழங்கு. அதில் நோய்ச்செடி இருக்கவே கூடாது. ஆய்வாளர் வருவதற்குள் வரிசை வரிசையாக நடந்து, சாயல் மாறின செடியைக் கிழங்கோடு பிடுங்கித் தோள்பையில் போட வேண்டும். அந்த வேலைக்கு மாலை நேரத்தில் நானும் போவேன். நான் இரண்டு தரம் பார்த்துவிட்டு விட்டுவிடும் செடியை ரோனா நாலு வரிசை தள்ளி வரும்போதே கையை நீட்டிக் காட்டுவாள்.

“உன் விருந்தாளிங்கல்லாம் சௌக்கியமா?” என்றான் ட்ரூ, குனிந்தபடியே.

“சௌக்கியம். ரெண்டு குட்டி போட்டிருக்கு. புருஷனும் பொண்டாட்டியும் ஒருத்தர ஒருத்தர் கேட்டுக் கேட்டு வேல பாக்குதுங்க. போய்ப் பாரேன், கத்துக்கலாம்.”

“அதுங்களுக்கு என்ன, குத்தகையா வரியா?”

“நீ கூடத்தான் என் நெலத்துக்குக் குத்தகை குடுக்கல.”

“இஸா, நீ சொல்லு. புருஷன்கிட்ட குத்தகை கேக்குற பொம்பளைய எங்கயாவது பாத்திருக்கியா?”

“எனக்குப் புருஷன் இருந்தப்ப அவன்கிட்ட கேக்குறதுக்கு எதுவும் இல்ல” என்றேன். ரோனா சிரித்தாள். ட்ரூவும் சிரித்திருப்பான். அதற்குள் கடைசி எட்டு வரிசைக்கு வந்துவிட்டோம்.

அங்கே செடிகளின் தண்டு அடியில் மை பூசினாற்போல் கறுத்து, தொட்டால் கையோடு வந்தது. அழுகின மீன் வாடை. ட்ரூ பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றான். வயல் ஆய்வில் தேறாவிட்டால் விதைத் தரம் போய்விடும். நவம்பரில் குத்தகை புதுப்பிக்க வேண்டும், தரம் போனவனுக்கு எஸ்டேட்காரர்கள் புதுப்பிக்க மாட்டார்கள். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

“எட்டு வரிசைதான் ட்ரூ. இத புடுங்கிப் போட்டுடலாம்” என்றாள் ரோனா. குரல் இறங்கியிருந்தது.

“இன்னைக்கு எட்டு.”

“கெத்தின வரச் சொல்றேன். தண்ணிய எறக்க அவன்கிட்ட வழி இருக்கு. உன் வயலும் வேணும் எனக்கு. என் சேறும் வேணும். ரெண்டும் சேந்து இருக்க முடியாதா?”

ஆய்வுக்குப் பதினோரு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கெத்தின் வந்தான். ரோனா கொத்துக்கறியும் மசித்த கிழங்கும் செய்திருந்தாள். மிச்சமாகும், சாப்பிட்டுவிட்டுப் போ என்று என்னையும் பிடித்து உட்காரவைத்தார்கள். எனக்கு அவசரம் எதுவும் இல்லை.

“அணைக்குள்ள ஒரு குழாய நுழைச்சு விட்டுடுவோம்” என்றான் கெத்தின். “மறுமுனை குளத்து நடுவுல, கம்பிக் கூண்டுக்குள்ள இருக்கும். தண்ணி ஒரு அடி எறங்கிடும், வயல் காஞ்சிடும். பீவருக்குத் தெரியவே தெரியாது.”

“எப்படித் தெரியாம போகும்?” என்றான் ட்ரூ.

“அது காதாலதாங்க அணை கட்டுது. தண்ணி சலசலன்னு ஓடுற சத்தம் கேட்டா பொறுக்காது, ஓடிவந்து அடைக்கும். குழாய்ல சத்தம் வராது.”

“அப்ப யாராச்சும் அணைய ஒரு எடத்துல வெட்டிவிட்டா?”

“வந்துடும். இருட்டுற வரைக்கும்கூட பொறுக்காது. அதான் வெட்டாதீங்கன்னு கெஞ்சுறோம். ஆகஸ்ட் பாதி வரைக்கும் குட்டிங்களுக்குத் தாய் வேணும். அதுவரைக்கும் பீவரச் சுட அனுமதி வெச்சிருக்கவங்ககூட அத தொடக் கூடாது.”

ட்ரூ ரொட்டிக்கு வெண்ணெய் தடவினான். ஓரம்வரைக்கும், மெதுவாக, சீராகத் தடவினான். “சரி. குழாயே போடு” என்றான். அடுத்த சனிக்கிழமை விவசாயக் கண்காட்சி. அது முடிந்த மறு திங்கள் குழாய், செவ்வாய் ஆய்வு என்று பேசி முடித்தார்கள். ட்ரூ அவன் கையைக் குலுக்கினான். பிறகு எனக்கே ஆச்சரியம், மேசைக்கு இந்தப் பக்கம் திரும்பி ரோனாவின் கையையும் பிடித்துக் குலுக்கினான். அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இரண்டு பேரும் கருஞ்சேற்றைச் சுற்றி நடந்ததைப் பள்ளத்தாக்கில் பாதிப்பேர் பார்த்தார்கள். முள்கம்பி வேலியில் அவன் ஒரு கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, இவள் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு நுழைந்தாள். திங்கட்கிழமை நான் போனபோது அதைப் பற்றித்தான் பேச்சு.

“எல்லாத்தையும் கேட்டான் இஸா. வீடு எங்க, எந்தப் பக்கம் கரையேறுது, எங்க மொதல்ல வந்து பாக்குது, எல்லாம். அணையில ஸ்டரக் பக்கமா ஒரு தாழ்வான எடம் இருக்கு, அங்க ஒரு சொட்டு கசிஞ்சாலும் தாய்தான் மொதல்ல வரும். அதக்கூட காட்டினேன். இருபத்திரெண்டு வருஷத்துல என் நெலத்தப் பத்தி எங்கிட்ட கேட்டது இதான் மொதத் தடவ.”

“என்ன திடீர்னு?”

“மனுஷன் மாறக்கூடாதா?”

மத்தியானத்துக்குள் பதினோரு வீட்டில் சொல்லிவிட்டேன், கின்னியர் புருஷன் பெண்டாட்டிக்குள் சமாதானம் என்று. நல்ல செய்தியும் அப்பப்போ சொல்லவேண்டி வருகிறது.

கண்காட்சி அன்று காலை ஏழு மணிக்கே தபாலோடு போனேன், சீக்கிரம் முடித்துவிட்டு நானும் போகவேண்டும் என்று. முற்றத்தில் ட்ரூவின் கண்காட்சிக் கிடா வண்டியில் ஏறி நின்றிருந்தது. முகம் கழுவி, கொம்புக்கு எண்ணெய் தடவி, மாப்பிள்ளைபோல இருந்தது. ட்ரூ தண்ணீர்க் குழாயடியில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“என்ன ட்ரூ, இன்னைக்குமா தோண்டுற?”

“முட்டைக்கோசுக்கு மண் அணைச்சேன்” என்றான்.

முட்டைக்கோஸ் பாத்தியும் சிவப்பு மண்தான். மண்வெட்டியிலிருந்து வழிந்து சாக்கடைக்குள் போனது கறுப்பாக இருந்தது. நான் கடிதங்களைச் சன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டேன். அன்றைக்குத் தூறலும் இல்லை.

நல்ல வெயில். இதுவரை வராத கூட்டம். ரோனா வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஜாம் போட்டிக்கு நடுவராக இருந்தாள். நாற்பது பாட்டிலிலும் ஒவ்வொரு கரண்டி தின்று, அடுத்த மேசையில் தேன் போட்டிக்கு வரும்போது முகம் கோணிவிட்டது. இரண்டாம் பரிசு கிடைத்த அம்மாள் சண்டைக்கு வந்தாள். “என் ரேஸ்பெர்ரியில என்னம்மா கொறை கண்ட?” “விதை, அம்மா. இன்னும் பல்லுல இருக்கு, காட்டவா?” என்றாள் ரோனா. அவளை அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. ஆறு மணிக்குக் கிடாப் போட்டி. ட்ரூ எல்லார் கண்ணிலும் படும்படி வட்டத்துக்கு நடுவில் கயிற்றைப் பிடித்து நின்றான். முதல் பரிசு.

முப்பது வருஷமாகக் கண்காட்சியைத் தவறவிடாத ஸ்டரக்கை அன்று நாள் முழுக்கக் காணோம். காலில் வீக்கம் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரோனா போய்ப் பார்த்தபோது அணை வெட்டிக் கிடந்தது, ஸ்டரக் பக்கத் தாழ்வில். தாய் பீவர் வெட்டுவாய்க்குக் கீழே சுடப்பட்டுக் கிடந்தது. முன்னங்காலில் இன்னும் ஒரு வில்லோக் குச்சியைப் பிடித்திருந்தது. ஆண் எங்கே போனது என்று தெரியவில்லை. குளத்து நடுவிலிருந்த குச்சி வீட்டுக்குள் குட்டிகள் அழுதன. கைக்குழந்தை சிணுங்கும் சத்தம், அப்படியே அது. சாலைவரைக்கும் கேட்டது. கெத்தின் வந்து கூண்டு வைத்து இரண்டு நாளில் இரண்டையும் பிடித்துக்கொண்டு போனான். அப்போது ஸ்டரக்கின் மகள் ஐல்ஸா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவனுக்கு உதவியாக நின்றாள். அவள் அப்பா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

போலீஸ்காரம்மா ஒருத்தி வீடு வீடாகக் கேட்டாள். எல்லாரும் கண்காட்சியில் இருந்தார்கள். ஸ்டரக்கும் இருந்தார். பியர் கூடாரத்தில் பார்த்தோம் என்று எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி சொன்னார்கள். என்ன குடித்தார் என்றுகூடச் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் வந்தார். தண்ணீர் வடிந்திருந்தது, எட்டு வரிசையையும் பிடுங்கிப்போட்டிருந்தார்கள், வயல் தேறியது. நான் அதைக் கேட்டுக்கொண்டுதான் பின்வாசலுக்குப் போனேன். உள்ளே சத்தம் இல்லை. அதனால்தான் கதவைத் தள்ளிவிட்டேன்.

இரண்டு பேரும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நான் சுடல. பரிசு வட்டத்துல நின்னேன். ஊரே பாத்துச்சு” என்றான் ட்ரூ.

“சுட்டியான்னு நான் கேக்கல. வெட்டினது யாரு?”

“நான் என்ன, நம்ம வீட்டுக்குத்தான செஞ்சேன். குத்தகை போயிருந்தா எங்க போய் நிப்போம்? உங்க அக்கா வீட்டுலயா?”

“திங்கக்கெழம குழாய் வந்திருக்கும், ட்ரூ. ரெண்டு நாள்.”

“குழாய் வரும், அப்புறம் இன்னொரு அணை வரும், இன்னொரு குழாய் வரும். ஸ்டரக் சொன்னது சரி. இதுக்கு முடிவே இல்ல.”

“ஸ்டரக்குகிட்ட சொல்லியிருக்க. நான் உனக்குன்னு காட்டினத. கூட்டிட்டுப் போய் அந்த எடத்தக் காட்டினது உனக்கு மட்டுந்தான்.”

ட்ரூ கெட்டவன் இல்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் வாயிலிருந்து வந்தது இதுதான்:

“காட்டினது நீதான?”

ரோனா அடி வாங்கினவள் மாதிரி கண்ணை மூடித் திறந்தாள். அப்புறம்தான் நான் நிற்பதைப் பார்த்தாள்.

“இஸா. சனிக்கெழம காலையில நீ இங்க வந்த.”

“வந்தேன்.”

“இவன் கண்காட்சிக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி. என்ன பாத்த?”

ட்ரூ என்னைப் பார்த்தான். மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் என் வேனைப் பனிக்குழியிலிருந்து டிராக்டர் வைத்து இழுத்துவிட்டவன். என் குடிசை ஸ்டரக்கின் குடிசை. ஆனால் உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் இதெதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. ஊரில் ஒரு வீட்டு அடுப்பு எரியாவிட்டால்கூடப் பத்து வீட்டில் போய்ச் சொல்கிற வாய் இது. அது தானாகத் திறந்து, தானாகச் சொன்னது:

“ஒண்ணும் பாக்கலையே, ரோனா. தபால வெச்சேன், போயிட்டேன்.”

“மழைகூட இல்ல அன்னைக்கு” என்றாள். “நீ நிக்காம போனதே இல்ல.”

அவ்வளவுதான். எழுந்து மாடிக்குப் போனாள். மேலே அலமாரிக் கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது. ட்ரூ எனக்குத் தேநீர் ஊற்றினான். இரண்டு பேரும் குடித்தோம், அவள் நடக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே.

வியாழக்கிழமை பேருந்தில் அபர்டீனுக்குப் போய்விட்டாள். கருஞ்சேற்றை விற்கவில்லை, ட்ரூவுக்கு எழுதியும் கொடுக்கவில்லை. வேலியில் பூட்டு போட்டுச் சாவியைக் கொண்டுபோனாள். நவம்பரில் ட்ரூவின் குத்தகையைப் புதுப்பித்தார்கள். அடுத்த கோடையில் அவனும் கூலிக்கு வந்த இரண்டு பேருமாக வயல் நடந்தார்கள். நோய்ச்செடிகள் அவர்கள் கண்ணில் படவில்லை, ஆய்வாளர் கண்ணில் பட்டன. அதற்கடுத்த வருஷம் பண்ணையை விட்டுவிட்டு ஃபார்ஃபரில் கிழங்கு தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தான். விவாகரத்து முடிந்ததும் அங்கே மீன்-சிப்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு விதவையைக் கல்யாணம் செய்துகொண்டான். நல்ல பெண் என்கிறார்கள், கணக்கு வழக்கு எல்லாம் அவள்தானாம்.

ஐல்ஸா கெத்தினைக் கட்டிக்கொண்டு வேல்ஸுக்குப் போய்விட்டாள். ஸ்டரக் கில்ட் பாவாடை உடுத்தி, கையைப் பிடித்து அழைத்துப்போய் மாப்பிள்ளையிடம் விட்டு, ஊரே பார்க்க அழுதார். எதற்கு அழுதார் என்று அவரவர் இஷ்டத்துக்குச் சொன்னார்கள். நானும் ஒன்று சொன்னேன்.

ரோனா அபர்டீனில் அக்காவோடு இருக்கிறாள், மறுபடி யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. அவள் போன பிறகு வந்த முதல் கிறிஸ்துமசுக்கு அவள் கையெழுத்தில் ஒரு கட்டு வாழ்த்து அட்டைகள் வந்தன, புது முகவரியோடு. பள்ளத்தாக்கில் ஒரு வீடு விடவில்லை. உறையில் ஆம்பளை பெயர் இல்லை, ஒவ்வொரு வீட்டுப் பெண்ணின் பெயரும் தனியாக இருந்தது. ஸ்டரக்கின் மனைவிக்கு இருந்தது. ஐல்ஸாவுக்கு வேறாக ஒன்று. ஆம்பளை பெயரில் ட்ரூவுக்கு மட்டும் ஒன்று. ஒரே காலையில் அத்தனையும் கொண்டுபோய்ப் போட்டேன். கடைசி வாசலில் வேனை நிறுத்திவிட்டு, வெறும் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன். எனக்கு இல்லை.